‘மூச்சு’ என்றால் வெளியே போய்விட வேண்டும்

சென்ற மாதம் ஸ்டுடியோவிலிருந்து தீபா போன் செய்தாள். அங்கே கம்ப்யூட்டரில் படங்களைச் சரிசெய்கிற பெண் அவள். இனிமேல் ஆளை நிறுத்தி லைட் பார்க்கிற வேலையே கிடையாதாம். கம்ப்யூட்டருக்குள் ஒரு பொம்மையை நிறுத்தி, எந்தப் பக்கம் வெளிச்சம் வேண்டுமோ அந்தப் பக்கம் போட்டுப் பார்த்துக்கொள்கிறார்களாம். அந்தப் பொம்மைக்கு என் உயரத்தையும் என் தோள் சரிவையும் கொடுத்து, ‘முனி’ என்று பெயரும் வைத்துவிட்டார்கள். உங்க ஞாபகார்த்தமா அங்கிள் என்றாள். நான் உயிரோடுதான் இருக்கிறேன் என்று அவளுக்கு நினைவுபடுத்தினேன். இப்படி நினைவுபடுத்துவது எனக்குப் பழக்கமாகிவிட்டது. அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நான் என்ன வேலை பார்த்தேன் என்றே விளங்கவில்லையாம், இரண்டு பக்கம் எழுதிக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறாள்.

என் பெயர் முனிரத்தினம். பத்தொன்பது வருடம் நான் நின்றேன். அதுதான் என் வேலை.

எங்கள் மேடம் புகைப்படக் கலைஞர். கண்ணில் பட்டதைப் படம் பிடிக்கிறவர் அல்ல. சினிமா மாதிரி செட் போட்டு, நடிகர்களை வரவழைத்து, மிஷின் வைத்துப் பனிமூட்டம் கிளப்பி, தண்ணீர் லாரியை நிறுத்தி மழை பெய்வித்து, கடைசியில் ஒரே ஒரு போட்டோ எடுப்பார். நாற்பது பேர் நாலு நாள் பாடுபட்டால் ஒரு படம். அதைச் சுவர் அளவுக்குப் பெரிதாக்கிக் கண்காட்சியில் மாட்டுவார்கள். வருகிறவர்கள் அதன் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு, வாய் பேசாமல், எழவு வீட்டுக்கு வந்தவர்கள் போல நிற்பார்கள்.

நடிகர்கள் நாலு நாளும் நிற்க மாட்டார்கள். அவர்களுக்கு முதுகு வலிக்கும், முகம் வேர்க்கும். ஆகவே லைட் வைக்கிற வரையில் அவர்கள் இடத்தில் இன்னொருவன் நிற்க வேண்டும். தரையில் மஞ்சள் டேப்பில் ஒரு பெருக்கல் குறி ஒட்டியிருக்கும். அதன் மேல் காலை வைத்தால் கடவுளே வந்து கூப்பிட்டாலும் நகரக் கூடாது. லைட்மேன் மூக்கு நுனியில் மீட்டரை வைத்து வெளிச்சத்தை அளப்பார். அப்போது தும்மல் வந்தால் விழுங்கிவிட வேண்டும். முழங்காலை விறைப்பாக வைக்கிறவன் முதல் மணி நேரத்திலேயே மயங்கி விழுவான். எனக்குக் கிடைத்த பயிற்சி முழுவதும் அவ்வளவுதான். நான் இரண்டு முறை விழுந்து அதைக் கற்றுக்கொண்டேன்.

அதற்கு முன்னால் நான் சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தில் கேஜ் வாசலில் இருந்தேன். கேஜ் என்பது ஆட்களைப் பூமிக்குள் இறக்குகிற இரும்புக் கூண்டு. மணி அடித்தால் உள்ளே இருப்பவன் வெளியே வர வேண்டும், வெளியே நிற்பவன் உள்ளே போக வேண்டும். ஒருத்தன் இடத்தில் இன்னொருத்தன் போவதை நாள் முழுவதும் பார்த்தவன் நான். சுரங்கத்தை மூடியதும் ஊரோடு ஒத்து வாழ் என்று நானும் காலை ரயிலேறிப் பெங்களூருக்குப் போனேன். ஒரு கட்டடத்தில் வாட்ச்மேன் வேலை கிடைத்தது. இரண்டாவது மாடியில்தான் மேடத்தின் ஸ்டுடியோ. ஒரு நாள் அவர் வாசலில் நின்று என்னையே ஒரு மணி நேரம் பார்த்தார். வேலை போகப்போகிறது என்று நினைத்தேன். இவ்வளவு நேரம் அசையாமல் நிற்கிற மனுஷனை நான் பார்த்ததே இல்லை, மேலே வந்துவிடுங்கள் என்றார்.

இதை வீட்டில் சொன்னபோது என் மனைவி கஸ்தூரி நம்பவில்லை. “நிக்கறதுக்கு சம்பளமா? இன்னா கதை உடறீங்க?” என்றாள். சுரங்கத்திலே என்ன கிழித்தீர்கள், அங்கேயும் நின்றுகொண்டுதானே இருந்தீர்கள் என்று பிறகு அவளே சமாதானம் செய்துகொண்டாள்.

மேடத்தின் குணத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் குரலை உயர்த்தி ஒருவரும் கேட்டதில்லை. நன்றாக இருக்கிறது என்றும் சொல்ல மாட்டார். பெரிய பெட்டிக் காமிராவுக்குப் பின்னால் கறுப்புத் துணியைத் தலையோடு போர்த்திக்கொண்டு முக்கால் மணி நேரம் பார்ப்பார். பிறகு வெளியே வந்து, அந்தக் குடத்தை அரை அங்குலம் திருப்புங்கள் என்பார். யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். யார் இடத்தில் நிற்கிறோமோ அந்தப் பெயர்தான். நான் மாப்பிள்ளையாக, போஸ்ட்மேனாக, பிணமாக இருந்திருக்கிறேன். நடிகை என் உயரம் என்பதால் மூன்று நாள் கல்யாணப்பெண்ணாகவும் இருந்தேன். ஒரு முறை எருமைக்காக நின்றோம். நான் முன்பாதி. “எருமை, தலையை இறக்குங்க” என்று மரியாதையாகத்தான் சொன்னார்.

படம் எடுக்கிற நேரம் வந்தால் மேடத்தின் வாயிலிருந்து மூன்றே சொற்கள் வரும். முதலாவது ‘ரெடி’. அதைக் கேட்டதும் நான் சத்தமில்லாமல் இடது பக்கமாக வெளியேறிவிட வேண்டும், நடிகர் வலது பக்கமாக வந்து என் டேப்பின் மேல் நிற்பார். இரண்டாவது ‘மூச்சு’. எல்லாரும் மூச்சைப் பிடிப்பார்கள், அந்தக் கணமே காமிராவின் கண் திறக்கும். நாலு நொடி திறந்தே இருக்கும். அந்த நாலு நொடியில் அசையாதது துல்லியமாக விழும், அசைந்தது கரைந்துபோகும். மூன்றாவது ‘போதும்’.

‘மூச்சு’ சொல்லும்போது நான் படத்தின் எல்லைக்குள் இருக்கவே கூடாது. சேர்ந்த முதல் வருடம், கழுத்து வலியில் கொஞ்சம் மெதுவாக வெளியேறினேன். என் நிழல் ஒரு ஓரமாக விழுந்துவிட்டது. நாலு நாள் வேலை பாழ். மேடம் திட்டவில்லை. அருகில் வந்து, என் நிழல் விழுந்த இடத்தைக் குனிந்து ஐந்து நிமிடம் பார்த்துவிட்டுப் போனார். நாலு அறை வாங்கியிருந்தால் தேவலாம். அன்றிலிருந்து ‘மூச்சு’ என்ற சொல் காதில் விழுந்தால் கனவில்கூட எழுந்து இடது பக்கம் ஓடுவேன். சுவர் ஓரம் படுத்திருந்த கஸ்தூரியை இரண்டு முறை மிதித்திருக்கிறேன்.

இந்த இடத்தில் எங்கள் வீட்டு விஷயம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கஸ்தூரியும் நானும் சேர்ந்திருக்கிற போட்டோ ஒன்றுகூடக் கிடையாது. எங்கள் கல்யாணத்தில் படம் எடுத்தவர் காமிராவில் பிலிமைச் சரியாக மாட்டாமலே முகூர்த்தம் முழுவதும் பட்டனை அழுத்தியிருக்கிறார். ஒன்றும் விழவில்லை. சுரங்கத்தில் இருந்தபோது ஷிப்ட் மாற்றி ஷிப்ட், ஸ்டுடியோவுக்குப் போக நேரமில்லை. ஆளுக்கொரு செல்போன் வந்த பிறகு என் தொழில் குறுக்கே வந்தது. யாராவது ‘ரெடி’ என்றால் என் கால் நகர்ந்துவிடும். மகள் கல்யாண ஆல்பத்தில் எனக்குச் சேர்ந்தது ஒரு முழங்கைதான். கஸ்தூரிக்கு அது தீராத மனக்குறை. ஊரான் படத்துக்கெல்லாம் நிற்கிறீர்கள், என் பக்கத்தில் நிற்க மட்டும் கால் வராதா என்று வருடத்துக்கு ஒரு முறையாவது கேட்பாள். அவள் கேட்டது நியாயம்தான். எனக்கு வெட்கமாகத்தான் இருக்கும்.

இரண்டு வருடத்துக்கு முன் மேடத்துக்கு ஒரு யோசனை வந்தது. ஓய்வு பெற்ற சுரங்கத் தொழிலாளியும் மனைவியும் சாயங்கால வெளிச்சத்தில் சாப்பிட உட்காரும் காட்சி. எங்கள் ஊருக்கே வந்து, பாலகாட், மைசூர் மைன்ஸ் என்று ஒவ்வொரு சுரங்கப் பகுதியிலும் எத்தனையோ வீடுகளைப் பார்த்தார். கடைசியில், சுரங்கக் கம்பெனி வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்றான எங்கள் வீடுதான் பிடித்தது. பின்வாசலைத் திறந்தால் சைனைடு மலை நேராகத் தெரியும். தங்கம் எடுத்த பின் கொட்டிய மண் மேடு அது. சாயங்காலம் வெயில் அதன் மேல் விழுந்து, அங்கிருந்து எங்கள் சமையலறைக்குள் வரும்.

வீடு பிடித்தது, வீட்டில் இருந்தது ஒன்றும் பிடிக்கவில்லை. பிரிட்ஜ், டிவி, பிளாஸ்டிக் நாற்காலி எல்லாவற்றையும் பக்கத்து வீட்டுக்கு ஏற்றினார்கள். சுரங்கத் தொழிலாளி வீடு மாதிரி இல்லை என்று காரணம் சொன்னார்கள். பெங்களூரிலிருந்து ஒரு லாரியில் பழைய மேஜை, பீங்கான் பூசிய தட்டுகள், பாதி உடைந்த கடிகாரம், அடுப்புக்கு மேல் மாட்ட ஒரு சுரங்கத் தொப்பி எல்லாம் வந்தன. கஸ்தூரி இடுப்பில் கை வைத்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். “எங்க வூடு எங்க வூடு மாதிரி இல்லன்னா, வேற யாரு வூடு மாதிரி இருக்குது?” என்று கேட்டாள். மேடம் அவளையே கால் மணி நேரம் பார்த்தார். எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. வரவழைத்திருந்த நடிகைக்குப் பேட்டாவைக் கொடுத்து அனுப்பிவிட்டு, மனைவியாக இவரே உட்காரட்டும் என்றார்.

கணவனாக நடிக்கப் பெங்களூரிலிருந்து ஒரு நாடக நடிகர் வந்திருந்தார். என்னைப் போடலாமே என்று லைட்மேன் ஒரு வார்த்தை சொல்லிப் பார்த்தார். நான் சுரங்கத் தொழிலாளி மாதிரி இல்லை என்று மேடம் சொல்லிவிட்டார். நடிகர் நல்ல மனிதர். சுரங்கத்து இருமலைக் கற்றுக் கொடுங்கள் என்று என்னிடம் வந்தார். போட்டோவில் இருமல் எப்படித் தெரியும் என்று கேட்டேன். உள்ளே இருந்தால் முகத்தில் வரும் என்றார். எனக்கு இருமலே கிடையாது, நான் கேஜ் வாசலில் காற்றோட்டமாக இருந்தவன் என்று சொன்னதும் அவருக்கு ஏமாற்றமாகிவிட்டது. பிறகு அவரே ஒரு இருமலைத் தயார் செய்து எனக்கும் சொல்லிக் கொடுத்தார். போட்டுக்கொள்ள என் பழைய ஸ்வெட்டரை வாங்கிக்கொண்டார்.

வழக்கம்போல லைட் வைக்கிற வரையில் நான் அவர் இடத்தில் உட்கார்ந்தேன். எதிரே கஸ்தூரி. தட்டில் அவளே கிண்டிய கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும். மூன்று மணி நேரம் அப்படியே இருந்தோம். கல்யாணமாகி முப்பத்தாறு வருடத்தில் நாங்கள் இவ்வளவு நேரம் எதிரெதிரே உட்கார்ந்ததில்லை. உதடு அசையாமல் பேசும் வித்தையை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். சிலிண்டர் தீரப்போவதைப் பற்றிப் பேசினோம், மகளைப் பற்றிப் பேசினோம், பிறகு பேச ஒன்றுமில்லாமல் சும்மா பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் இடது புருவத்தில் ஒரு சின்னத் தழும்பு இருப்பதை அன்றுதான் கவனித்தேன்.

வெயில் சைனைடு மலை மேல் இறங்கியது. மேடம் ‘ரெடி’ என்றார். நான் எழுந்து இடது பக்கம் போனேன். நடிகர் என் ஸ்வெட்டரோடு வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தார். உடனே கஸ்தூரி எழுந்துவிட்டாள்.

“யாரோ ஒரு ஆம்பளைக்கு என் வூட்டுல நான் சோறு போடறதா? அதுவும் அவரு ஸ்வெட்டரப் போட்டுக்கினு? நம்மால ஆவாதும்மா.”

நாற்பது பேரும் மேடத்தைப் பார்த்தார்கள். அந்த வெளிச்சம் பத்து நிமிடம்தான் நிற்கும். மேடம் துணிக்குள் தலையை விட்டுக் கொஞ்ச நேரம் பார்த்தார். வெளியே வந்து, “புருஷன் திரும்ப வந்து உக்காரட்டும்” என்றார். நடிகர் ஸ்வெட்டரைக் கழற்றிக் கொடுத்துவிட்டு இருமிக்கொண்டே வெளியே போனார். அதற்குள் கஸ்தூரி ஓடிப்போய்ப் புதிதாகக் குங்குமம் வைத்துக்கொண்டு வந்தாள். உட்கார்ந்து, எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள்: “கல்யாண போட்டோதான் போச்சு. இதுலயாவது ஒழுங்கா உக்காருங்க. நகந்தீங்க, அவ்ளோதான்.”

‘ரெடி’ என்றார் மேடம். என் கால் துடித்தது. நாற்காலியின் காலோடு என் காலைப் பின்னிக்கொண்டேன். நகரவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று எனக்குள் ஒரு சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தில் அடுத்த சொல்லை மறந்துவிட்டேன்.

‘மூச்சு’ என்றார்.

பத்தொன்பது வருடத்தில் அந்தச் சொல்லைப் படத்துக்குள்ளிருந்து நான் கேட்டதே இல்லை. ஐயோ, இன்னும் உள்ளே இருக்கிறோமே, நிழல் விழுமே, நாலு நாள் வேலை பாழாகுமே என்று உடம்பு பதறியது. பின்னிய கால் எப்படி அவிழ்ந்தது என்று தெரியாது. எழுந்துவிட்டேன். கஸ்தூரி தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள், அப்படியே உறைந்துபோனாள். மேடம் வாழ்நாளில் முதல் முறையாகச் சத்தம் போட்டார். “முனிரத்தினம்!” என்று கூப்பிட்டார். புருஷன் என்று கூப்பிட்டிருந்தால் சத்தியமாக உட்கார்ந்திருப்பேன். எருமை என்றிருந்தாலும் நின்றிருப்பேன். அந்த இடத்தில் என் பெயரை யாரும் சொன்னதே இல்லை. வேறு யாரையோ கூப்பிடுகிறார் என்று எண்ணிக்கொண்டு, பின்வாசல் வழியாக வெளியேறி, மலையைப் பார்த்து நின்றேன்.

‘போதும்’ என்ற குரல் உள்ளேயிருந்து கேட்டது.

ஓடிவந்து மன்னிப்புக் கேட்டேன். இன்னும் வெளிச்சம் இருக்கிறது, ஒரே ஒரு முறை, என்னை நாற்காலியோடு கட்டிப்போட்டாவது எடுங்கள் என்று கெஞ்சினேன். கயிறு எடுக்க லைட்மேன் கிளம்பியும்விட்டார். மேடம் தலையை அசைத்து மறுத்தார். நான் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டேன் என்று சொல்லி, மூட்டை கட்டச் சொன்னார். கஸ்தூரி ஆறிப்போன களியைக் கொண்டுபோய் வெளியே கொட்டினாள். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. அவள் திட்டியிருந்தால் எனக்குச் சாப்பாடு இறங்கியிருக்கும்.

மூன்று மாதம் கழித்து, என் முழங்கால் இனி ஒத்துழைக்காது என்று வேலையிலிருந்து நின்றுகொண்டேன். விடைபெறும்போது அந்தப் படத்தின் பிரதி ஒன்றைக் கொடுத்தார்கள். கஸ்தூரியின் முகம் ரோமம் ரோமமாகத் தெரிந்தது. எதிரே காலி நாற்காலி, ஆள் தொடாத தட்டு. அங்கிருந்து பின்வாசல் வரை, அரிசி கழுவிய தண்ணீரைச் சிந்தியது போல ஒரு வெள்ளைத் தீற்றல். அதுதான் நான்.

கண்காட்சி தொடங்கியதும் ஒரு பத்திரிகையில் அந்தப் படத்தைப் போட்டு எழுதியிருந்தார்கள். சுரங்கத்துக்குப் போன கணவன் திரும்பவே இல்லையாம், அவனுக்குப் படையல் வைத்துவிட்டு விதவை காத்திருக்கிறாளாம், அவன் ஆவி வாசல் வழியாகப் பிரிகிறதாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேலூர்ப் பக்கத்திலிருந்து கஸ்தூரியின் சித்தப்பா மகன் ஒரு சாமந்தி மாலையோடு வந்து இறங்கினார். கதவைத் திறந்தது நான். அவர் என்னைப் பார்த்தார், மாலையைப் பார்த்தார். “மாமா, நீங்களா?” என்று மெதுவாகக் கேட்டார். ஆமாம் என்றேன். காப்பி குடித்தார். மாலையைத் திருப்பி எடுத்துப்போக மனமில்லாமல் முருகன் காலண்டருக்குப் போட்டுவிட்டுப் போனார்.

கஸ்தூரிக்கு வந்த கோபத்தை என்னால் எழுத முடியாது. “நெத்தியில இவ்ளோ பெருசா குங்குமம் வெச்சிக்கினு உக்காந்திருக்கேன். அவங்களுக்குக் கண்ணு இன்னா பொட்டையா? நானே போயி சொல்லிட்டு வரேன், வாங்க” என்றாள். மறுநாள் காலை ரயிலில் இருவரும் பெங்களூருக்குப் போனோம்.

கண்காட்சியில் எங்கள் சமையலறை எங்கள் சமையலறையைவிடப் பெரிதாகத் தொங்கியது. தாடி வைத்த ஒருவர் பத்துப் பன்னிரண்டு பேருக்கு அதை விளக்கிக்கொண்டிருந்தார். விளக்கம் கணவனின் மரணம் வரை வந்திருந்தது. கஸ்தூரி அவர் முடிக்கட்டும் என்று காத்திருந்தாள். அவர் என் பக்கம் திரும்பி, சார் கொஞ்சம் நகருங்கள், படம் மறைகிறது என்றார். நான் உடனே இடது பக்கம் நகர்ந்தேன். கஸ்தூரி எட்டி என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“அது இவருதான்” என்று வெள்ளைத் தீற்றலைக் காட்டினாள். “சாவல. எழுந்து போனாரு. இவருக்கு அதான் வேலை.”

இது இன்னும் ஆழமாக இருக்கிறதே என்று தாடிக்காரர் குறித்துக்கொண்டார்.

சத்தம் கேட்டு மேடம் வந்தார். கஸ்தூரி தன் போனை அவரிடம் நீட்டினாள். எங்கள் இரண்டு பேரையும் இந்தப் படத்துக்கு முன்னால் நிற்கவைத்து ஒன்று எடுத்துக் கொடுங்கள், இது நீங்கள் பட்ட கடன் என்று சொல்லிவிட்டாள். லைட் இல்லை, புகை இல்லை, டேப் இல்லை. மேடம் போனைக் கையில் வாங்கி எங்களை வெகுநேரம் பார்த்தார். பிறகு, அவருக்கும் பத்தொன்பது வருடப் பழக்கம்தானே, தன்னையறியாமல் ‘மூச்சு’ என்றார்.

என் கால் கிளம்பியது. என் மணிக்கட்டு கிளம்பவில்லை.

அந்தப் படம் இப்போது எங்கள் பிரிட்ஜின் மேல் இருக்கிறது. பின்னால் ஒரு முனிரத்தினம் வாசல் வழியாகக் கரைந்து போகிறான். முன்னால் இன்னொருவன், ஓடுகிற பேருந்தில் தொற்றிக்கொண்டவன் மாதிரி இடது பக்கம் சாய்ந்து, பாதி முகத்தோடு நிற்கிறான். கஸ்தூரி மட்டும் காமிராவை நேராகப் பார்த்து, திருடனைப் பிடித்துக் கொடுத்தவள் போலச் சிரிக்கிறாள். மேடம் ‘போதும்’ என்று சொன்னார். அந்தச் சொல்லையும் படத்துக்குள்ளிருந்து அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். கஸ்தூரி ரயிலேறும் வரை கையை விடவில்லை.